ஐம்பத்தொரு மயில்பூ

ஸைனுலாப்தீன் மாஸ்டரிடம் ஒரு சங்கதியைச் சொல்வதும் கிணற்றுக்குள் கல்லைப் போடுவதும் ஒன்றுதான் என்று கல்முனைக்குடியில் பேர். போட்டால் போட்டதுதான், மேலே வராது. எந்த ஆசிரியருக்கு இடமாற்றம் வரப்போகிறது, எந்த அதிபர் மேல் யார் பெட்டிசம் போட்டிருக்கிறார், எல்லாம் அவருக்குத் தெரியும். வாயைத் திறக்கமாட்டார். திறந்து சொல்ல வீட்டில் ஆளும் இல்லை. மூன்று தங்கச்சிமாருக்கும் வீடு கட்டிக் கொடுத்துக் கரைசேர்த்துவிட்டு நிமிர்ந்து பார்த்தபோது அவருக்கு முப்பத்தொன்பது வயதாகியிருந்தது. பெரிய றோட்டடியில் வாடகைக்கு ஓர் அறை, ஒரு சைக்கிள், ஒரு பித்தளை நுணுக்குக்காட்டி. அவருடைய குடும்பம் அவ்வளவுதான்.

உயர்தர வகுப்புக்குத் தாவரவியல் படிப்பித்து வந்தார். அந்த நாளில் தாவரவியலுக்குச் செய்முறைப் பரீட்சை தனியாக நடக்கும். ஒவ்வொரு பரீட்சார்த்தி முன்னாலும் ஒரு பூவை வைப்பார்கள். அதைப் பிரித்து, எண்ணி, வரைந்து, இன்ன குடும்பத்துப் பூ என்று எழுதவேண்டும். என்ன பூ என்பது கொழும்பிலிருந்து அரக்கு முத்திரை வைத்த உறைக்குள் வரும். பரீட்சைக்கு முதல்நாள் பின்னேரம் மூன்று மணிக்குத்தான் மேற்பார்வையாளர் அதை உடைக்கலாம். ஐந்து வருடமாக மேற்பார்வையாளர் மாஸ்டர்தான். அந்த உறையை இடுப்பில் செருகிக்கொண்டு தூங்குவார் என்று பிள்ளைகள் பகிடி பண்ணுவார்கள். அது பகிடியில்லை, உண்மை.

எண்பத்தோராம் ஆண்டு ஆகஸ்ட் மாதம், கச்சான் காற்று மேற்கிலிருந்து அடுப்பைத் திறந்துவிட்ட மாதிரி வீசிக்கொண்டிருந்த ஒரு செவ்வாய்க்கிழமை, ஆய்வுகூடக் கதவைச் சாத்திவிட்டு மாஸ்டர் உறையை உடைத்தார். ‘சீசல்பினியா புல்கெரிமா’ என்று எழுதியிருந்தது. ஊரில் மயில்பூ என்பார்கள். ஒரு பரீட்சார்த்திக்கு முற்றாக விரிந்த புதிய பூ ஒன்று, மொட்டு ஒன்று. மேலதிகமாகப் பத்து வீதம். மாதிரி எதுவென்று வெளியார் எவருக்கும் எவ்விதத்திலும் தெரியவரலாகாது.

நாற்பத்தாறு பரீட்சார்த்திகள். மாஸ்டர் கணக்குப் பார்த்தார். ஐம்பத்தொரு பூ, ஐம்பத்தொரு மொட்டு.

கொழும்பிலிருந்து எழுதியவருக்கு, ஒரு ஊரில் ஐம்பத்தொரு பூவை ஒருவருக்கும் தெரியாமல் ஆய்ந்து பறித்துவிடலாம் என்று தோன்றியிருக்கிறது. அவர் கல்முனைக்குடிக்கு வந்ததில்லை. இங்கே ஒருவன் கடைத்தெருவில் இரண்டு எலுமிச்சம்பழம் வாங்கினால், அவன் வீடு போய்ச் சேர முன்னமே யாருக்கு வயிற்றோட்டம் என்று விசாரிக்க ஆள் வந்து நிற்கும்.

பூவிலே குற்றமில்லை. பரீட்சைக்கென்றே படைத்த பூ அது. ஐந்து அல்லி இதழ். நாலு அல்லி விசிறிபோல விரிந்து சிவப்பும் மஞ்சள் கரையுமாக நிற்கும். ஐந்தாவது மட்டும் சின்னது, காம்பு குழல்போலச் சுருண்டிருக்கும். மொட்டைப் பிரித்தால் அந்தச் சின்ன அல்லி எல்லாவற்றுக்கும் உள்ளே ஒடுங்கிக் கிடக்கும். அவரைப் பூவிலோ அதே இடத்து அல்லி எல்லாவற்றையும் வெளியிலிருந்து மூடிக்கொண்டிருக்கும். இரண்டும் ஒரே குடும்பம்தான், ஆனால் கிளை வேறு என்பதற்கு அதுதான் சாட்சி. மொட்டையும் ஏன் கேட்டிருக்கிறார்கள் என்பது மாஸ்டருக்கு உடனே பிடிபட்டது. பிறகு, பூவை விட்டு வெளியே நீண்டு வில்லாக வளைந்த சிவப்புக் கேசரங்கள், மகரந்தம் தாங்கும் இழைகள். ஒன்றோடொன்று ஒட்டாமல் தனித்தனியாகப் பத்து.

கரைச்சல் என்னவென்றால், மூன்று வருடத்துக்கு முந்திய சூறாவளி ஊரிலிருந்த பூமரம் பூச்செடியையெல்லாம் வழித்துத் துடைத்துவிட்டுப் போயிருந்தது. தென்னையைத் திரும்ப வைத்தவர்கள் பூச்செடியைத் திரும்ப வைக்கவில்லை.

ஆய்வுகூட உதவியாளர் பாக்கியராசாவைக் கூப்பிட்டார். பெரியநீலாவணையிலிருந்து சைக்கிளில் வந்து போகிறவர், பன்னிரண்டு வருடச் சேவை.

“பாக்கியராசா, சும்மா ஒரு சுத்துச் சுத்திட்டு வருவம்.”

தபால்கந்தோர் வேலியோரம் ஒரு செடி நின்றது. அதில் ஏழே ஏழு பூ. கடற்கரைப் பக்கத்துச் செடியை யாரோ தறித்து வேலிக் கம்பாக்கியிருந்தார்கள். மருதமுனை வரைக்கும் மிதித்துப் போனார்கள். அங்கே ஒரு தறிக்கொட்டில் வாசலில் நின்ற செடி நெற்றாய்க் காய்த்து வெடித்துக்கொண்டிருந்தது, பூ ஒன்றுமில்லை. திரும்பி வரும்போது பாக்கியராசா மெல்லக் கேட்டார்.

“சேர் மயில்பூவத்தான் தேடுறீங்க போல?”

“நான் ஒண்டையும் தேடல்ல.”

“ஓம் சேர். தேடுறதெண்டா, அரிசி மெசின்கார அச்சிமுகம்மதுட தங்கச்சி வீட்டடியில ஒரு செடி கிடக்கு. ஒரு பாட்டம் பூத்திருக்கு. தேடாட்டிப் பரவாயில்ல.”

அச்சிமுகம்மதுவின் தங்கச்சி பெயர் சுஹறா; அண்ணனை அவள் காக்கா என்பாள். முப்பத்துமூன்று வயது. பேசி வைத்திருந்த கலியாணம் சூறாவளிக்குப் பிறகு குழம்பிப்போனது. வீட்டுக் கூரை பறந்ததும் மாப்பிள்ளை வீட்டாரின் எண்ணமும் பறந்துவிட்டது. உம்மாவோடு இருந்து தையல் தைத்துக் கூரையைத் திரும்பப் போட்டுக்கொண்டாள். விழுந்த வேலிக்குப் பதிலாக எங்கிருந்தோ நாலு மயில்பூ வித்து வாங்கி ஊன்றினாள். மூன்று செத்து ஒன்று தப்பி, மூன்று வருடத்தில் ஆளைவிட உயரமாக, வட்டக்குடை விரித்த மாதிரி நின்றது.

மாஸ்டர் படலையடியில் சைக்கிளை நிறுத்தினார். தையல் மெசின் சத்தம் நின்றது. சுஹறா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு வெளியே வந்தாள்.

“மாஸ்டரா? காக்கா இஞ்ச இல்லியே. மில்லடியில இரிப்பாரு.”

“காக்காவப் பாக்க வரல்ல. இந்தப் பூவுல கொஞ்சம் வேணும்.”

“பூவா? என்னத்துக்கு மாஸ்டர்?”

இந்தக் கேள்வியை மாஸ்டர் எதிர்பார்த்துத்தான் வந்தார். ஆனால் பதில் தயார்பண்ணி வரவில்லை. பொய் சொல்லிப் பழக்கமில்லை. மூடி வைப்பது மட்டும்தான் அவருக்குத் தெரிந்த தொழில்.

“ஒரு விசயத்துக்கு” என்றார்.

“எத்தின பூ?”

“ஐம்பத்தொண்டு.”

சுஹறா அவரை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்தாள். “எண்ணியா எடுக்கப் போறீங்க?”

“ஓம். மொட்டும் ஐம்பத்தொண்டு. இப்ப வேணா. நாளைக்கு சுபஹு தொழுதிட்டு வந்து, கொத்தோட நானே வெட்டிக்கிறன்.”

அவருடைய திட்டம் சரியானதுதான். மயில்பூ கொத்தில் அடியிலிருந்து மேலே போகப்போக விரியும். விடியற்காலையில் கொத்தை வெட்டித் தண்ணீரில் வைத்தால் விரிந்ததும் இருக்கும், மொட்டும் இருக்கும், எட்டு மணிக்குப் புதிதாகவும் இருக்கும். “அப்ப வந்து வெட்டுங்க” என்று சொல்லிவிட்டு சுஹறா உள்ளே போனாள். விசயம் அதோடு முடிந்திருக்கவேண்டும்.

ஆனால் மாஸ்டர் உடனே போகவில்லை. பொழுது இறங்கிக்கொண்டிருந்தது. மயில்பூ இலை இரட்டைச் சிறகு இலை. ஒரு தண்டில் பல சிறகு, ஒவ்வொரு சிறகிலும் சோடிசோடியாகச் சிற்றிலை. இருட்டப்போகிறதென்றால் அந்தச் சிற்றிலைகள் மெல்ல மெல்ல மடிந்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். இருபது வருடமாகப் படிப்பிக்கிற விசயம்தான். ஆனாலும் எங்கே கண்டாலும் முழுவதும் மூடும்வரை நின்று பார்க்காமல் அவரால் போகமுடியாது. கண் இமைக்காமல் பார்த்துக்கொண்டு நின்றார். செடிக்கு நேர் பின்னால் தையல் அறையின் சன்னல்.

அந்த நேரம் பார்த்து அச்சிமுகம்மதுவின் மோட்டார் சைக்கிள் ஒழுங்கைக்குள் திரும்பியது.

“என்ன மாஸ்டர், இந்தப் பக்கம்?”

மாஸ்டர் திடுக்கிட்டார். முகம் சிவந்தது. “ஒண்டுமில்ல. பூ கொஞ்சம் கேட்டன்” என்று சொல்லிச் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு போனார்.

அச்சிமுகம்மது உள்ளே போய் விசாரித்தார். ஐம்பத்தொரு பூ என்றதும் அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது. கலியாணத்தில் மாப்பிள்ளை கொடுக்கிற மஹர்க்காசைக்கூட நூற்றியொன்று, ஐந்நூற்றியொன்று என்று ஒற்றையில் வைப்பதுதானே வழக்கம். இந்த வயதில் ஒரு மனிசன், பெண்பிள்ளை இருக்கிற வீட்டடியில் வந்து, ஒற்றையில் பூக் கேட்டு, சன்னலைப் பார்த்துக்கொண்டு நின்றால் அதற்கு என்ன அர்த்தம்? தங்கச்சிக்கு ஒரு நல்ல இடம் அமையவேண்டுமென்று மூன்று வருடமாக துஆக் கேட்டுவந்த மனிதர் அவர். மஃரிப் தொழுதுவிட்டுத் தேத்தண்ணிக் கடையில் உட்கார்ந்து, “ஒருத்தருக்கும் செல்லாதீங்க” என்று தொடங்கினார்.

“வாயால கேக்க வெக்கம் அந்த மனிசனுக்கு. படிச்சாக்கள் அப்பிடித்தான். பூவால கேக்கிறாரு.”

மாப்பிள்ளை எடுக்கிற வீட்டுக்காரர், கேட்ட பூவை மாப்பிள்ளையே வந்து வெட்ட விடுவது மரியாதையா? அச்சிமுகம்மது தன் பெண்சாதியையும் மகள்மாரையும் கூட்டிவந்து இறக்கினார். “கொத்தோட முறிச்சா முள்ளுக் குத்தும், பூப்பூவா ஆயுங்க” என்று கட்டளை வேறு. ஐம்பத்தொன்று எதற்கு, இருக்கிற எல்லாவற்றையும் ஆயச் சொன்னார். கை எட்டியதெல்லாம் ஆய்ந்தார்கள். மொட்டு மட்டும் ஆயவில்லை. விரியாத பூவை யாராவது கலியாண வீட்டுக்குக் கொடுப்பார்களா? பன்புல்லில் இழைத்த பெட்டி நிறைய மயில்பூவும், இனிப்புக்கு ஒரு சட்டி வட்டிலாப்பமும், மேலே வெள்ளைத் துணியும் போட்டு, நாலு பெண்கள் முன்னுக்கும் அச்சிமுகம்மது மோட்டார் சைக்கிளை உருட்டிக்கொண்டு பின்னுக்குமாக, இரவு எட்டு மணிக்குப் பெரிய றோட்டால் மாஸ்டரின் அறைக்கு வந்து சேர்ந்தார்கள்.

கதவைத் திறந்த மாஸ்டர் பெட்டியைப் பார்த்தார். உதிரிப் பூ. கிட்டத்தட்ட இருநூறு. மொட்டு ஒன்றுமில்லை.

“இதுக்கெல்லாம் நீங்க அலையணுமா மாஸ்டர்? எங்களுக்குச் செல்லியிருந்தா நாங்க அனுப்பமாட்டமா?” என்றார் அச்சிமுகம்மது.

“இல்ல, நான் நாளைக்கு...”

“நாளைக்கு, நாளைக்கெண்டு எவ்வளவு காலம்? நீங்க ஒண்டும் கதைக்கவேணாம். எங்களுக்கு விளங்கிட்டு.”

என்ன விளங்கிவிட்டது என்று மாஸ்டருக்குத்தான் விளங்கவில்லை. அதை விளக்க அடுத்தடுத்து ஆட்கள் வந்தார்கள். பக்கத்துக் கடை முதலாளி வந்து, “முபாறக்காக இரிக்கட்டும் மாஸ்டர்” என்று கையைப் பிடித்துக் குலுக்கினார். பழைய மாணவன் ஒருவன், எந்த மாதம் என்று கேட்டான். அப்போதுதான் மாஸ்டருக்கு விளங்கியது. “கலியாணமுமில்லை, ஒன்றுமில்லை” என்று சொல்ல வாயெடுத்தார். சொன்னால் அடுத்த கேள்வி, “அப்ப பூ என்னத்துக்கு?” என்பதுதான். வாயை மூடிக்கொண்டார். அவர் வாயை மூடியதை ஊர் சம்மதமென்று எடுத்துக்கொண்டது. அந்த ஊர்வலத்தைப் பரீட்சார்த்திகளில் பாதிப்பேராவது வாசலில் நின்று பார்த்திருப்பார்கள். ஒருவருக்குக்கூடப் பரீட்சை ஞாபகம் வரவில்லை. இவ்வளவு பத்திரமாக ஒரு வினாத்தாளையும் யாரும் எந்தக் காலத்திலும் காத்ததில்லை.

விடிய எழும்பிப் பெட்டியைத் திறந்தார். கச்சான் தன் வேலையைச் செய்துவிட்டிருந்தது. தண்ணீர் தெளித்து வைத்தது பிழையாகப் போய், அல்லிகள் ஈரச் சீலை மாதிரி ஒட்டிக் கிடந்தன. ஒரு பூவைக் காம்பில் பிடித்துத் தூக்கினார். மூன்று கேசரம் கழன்று பெட்டிக்குள் விழுந்தது.

பாக்கியராசாவை அனுப்பினார். அவர் சுஹறாவின் வீட்டுக்குப் போய், கை எட்டாத உச்சிக் கொத்துகளைக் கொக்கத்தடியால் வளைத்து வெட்டிக்கொண்டு வந்தார். மொட்டு வேண்டிய அளவு கிடைத்தது. அன்று காலை விரிந்த நல்ல பூ பத்தொன்பது. மிச்சம் இருபத்தேழு பேருக்கும் பெட்டியில் கிடந்ததில் நல்லதாகப் பொறுக்கினார்கள். ஒன்றில் ஒன்பது கேசரம், ஒன்றில் ஏழு, ஒன்றில் ஆறு. முழுப் பத்தும் உள்ளது ஒன்றுகூட இல்லை.

“சேர், பிள்ளையளுக்கு ஒரு சொல்லுச் சொல்லிவிடுங்களன். ‘கொஞ்சம் உதிந்திருக்கு, பாத்து எழுதுங்க’ எண்டு” என்றார் பாக்கியராசா.

“சொன்னா, இன்னும் கூட இருந்ததெண்டு காட்டிக் கொடுத்த மாதிரி. மாதிரியைப் பத்தி ஒரு வார்த்தை கதைக்கக்கூடாதெண்டு விதி இருக்கு.”

சுட்டெண் ஒழுங்கில் முதல் பத்தொன்பது பேருக்கும் நல்ல பூவை வைத்தார். அதிலே பாரபட்சமில்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

பரீட்சை தொடங்கியது. மாஸ்டர் வரிசை வரிசையாக நடந்தார். பெரும்பாலான பிள்ளைகள் பூவைப் பார்த்ததும் அவரைக் குடும்பம் என்று கண்டுபிடித்து, ரியூசன் குறிப்பில் உள்ளபடி ‘கேசரம் பத்து’ என்று எழுதிவிட்டுப் படம் கீறத் தொடங்கியிருந்தார்கள். பூவை ஊசியால் தொட்டுக்கூடப் பார்க்காதவர்கள்தான் அவர்களில் அதிகம்.

முப்பத்தோராவது மேசையில் நபீலா. அவருடைய வகுப்பிலேயே கூர்மையான பிள்ளை. பூவை வெள்ளைத் தாளில் வைத்து, கைவில்லையோடு குனிந்து, ஊசியால் ஒவ்வொன்றாகப் பிரித்து எண்ணினாள். எட்டு. திரும்ப எண்ணினாள். எட்டு. நிமிர்ந்து மாஸ்டரைப் பார்த்தாள். ‘காண்பதை எழுது, கேட்டதை எழுதாதே’ என்று இரண்டு வருடமாகத் தொண்டை கிழியச் சொன்னவர் அவர்தான். மாஸ்டர் சன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். வெளியே பார்ப்பதற்கு ஒன்றுமில்லை, மைதானத்தில் புழுதி பறந்துகொண்டிருந்தது. திரும்பி வந்தபோது அவள் ‘எட்டு’ என்று எழுதி, எட்டுக் கேசரம் வைத்து அச்சொட்டாகப் படமும் கீறியிருந்தாள்.

பரீட்சை முடிந்து பிள்ளைகள் வெளியே போனதும், என்ன பூ வந்தது என்பது ஊருக்குத் தெரிந்தது. இனிமேலாவது கலியாணக் கதை அடங்கும் என்று மாஸ்டர் நம்பினார். ஊர் ஒரு பகல் யோசித்தது. பின்னேரம் தேத்தண்ணிக் கடையில் தீர்ப்பு வந்தது.

“மாஸ்டருக்குத் தலைக்கு மேல போயிட்டு. பொண்டாட்டியா வரப்போறவட வீட்டுப் பூவையே கொண்டுபோய்ச் சோதினைக்கு வெச்சிட்டாரு, பாத்தீங்களா?”

அடுத்த நாள் நபீலா ஆய்வுகூட வாசலில் வந்து நின்றாள்.

“சேர், மத்தப் புள்ளைகள் எல்லாரும் பத்தெண்டு எழுதியிருக்காங்க. என்ட பூவில எட்டுத்தான் சேர் இருந்திச்சி.”

“ஓம். எட்டுத்தான் இருந்தது.”

“அப்ப நான் எழுதினது சரியா?”

“நீ எழுதினது சரி” என்றார் மாஸ்டர். பிறகு, “விடைதான் பத்து” என்றார்.

நபீலா அழவில்லை. “அப்ப ஏன் சேர் பூவ வெச்சீங்க?” என்று மட்டும் கேட்டுவிட்டுப் போனாள். அது கேலிக்காகக் கேட்டதில்லை. உண்மையாகவே அவளுக்குத் தெரியவில்லை.

இரண்டு நாள் கழித்து மாஸ்டர் அறிக்கை எழுத உட்கார்ந்தார். மேற்பார்வையாளர் அறிக்கையில் ‘விசேட குறிப்புகள்’ என்று ஒரு கட்டம் உண்டு. ஐந்து வருடமாக அதில் ‘இல்லை’ என்று எழுதி வந்தவர். இம்முறை கட்டம் போதாமல் ஒன்பது பக்கம் இணைத்தார். பூவை எப்படித் தேடினார், யார் ஆய்ந்தது, எப்படி உதிர்ந்தது, எந்த மேசையில் எத்தனை கேசரம், ஒன்றையும் மறைக்கவில்லை. வட்டிலாப்பம் வந்ததைக்கூட எழுதினார். வாழ்க்கையில் முதல் தடவையாக மனதிலிருந்ததை முழுவதுமாக வெளியே கொட்டியது ஓர் அரசாங்கப் படிவத்தின் பின்னிணைப்பில்.

அதைத் தபாலில் போட்டுவிட்டு நேரே சுஹறாவின் வீட்டுக்குப் போனார். அறிக்கையில் எழுதிய உண்மையை அவளிடமும் சொல்லவேண்டும், நடக்காத கலியாணத்துக்கு மன்னிப்புக் கேட்கவேண்டும். அவள் மனம் உடைந்துவிடாமல் எப்படிச் சொல்வதென்று வழியெல்லாம் வசனம் கோத்துக்கொண்டு போனார்.

செடி மொட்டையாக நின்றது. சுஹறாவின் உம்மா வாசலில் நெல் காயவைத்துக்கொண்டிருந்தார். சுஹறா கதவுநிலையில் நின்றபடி முழுவதையும் கேட்டாள்.

“சோதினைக்கெண்டு ஒரு சொல்லுச் செல்லியிருந்தா, நான் ஆருக்கு மாஸ்டர் செல்லப்போறன்? இந்த மெசினுக்கா?”

“செல்லக்கூடாதெண்டு விதி.”

“நல்ல விதி. மூணு வருசமாத் தண்ணி ஊத்தின செடி. ஒரு பூ மிச்சமில்ல. இந்த வருசம் நெத்துமில்ல, வித்துமில்ல. ஆயாதீங்க, அவர் கொத்தோடதான் கேட்டாரு எண்டு காக்காக்கிட்ட நான் செல்லிப் பாத்தன். என்ட கதைய ஆரு கேட்டா?”

மாஸ்டர் கோத்து வந்த வசனத்தை எடுத்தார். “அதோட, ஊருல ஒரு கதை... உங்கட காக்கா ஓமெண்டு...”

“காக்காதான் ஓமெண்டாரு. நான் செல்லல்லியே.”

மாஸ்டர் நிமிர்ந்து பார்த்தார்.

“நீங்க கேக்கவுமில்ல, நான் செல்லவுமில்ல. நீங்க பயப்படாமப் போங்க மாஸ்டர். எனக்கு நாளைக்குக் குடுக்கிறதுக்கு மூணு சட்டை கிடக்கு” என்றாள் சுஹறா.

மெசின் சத்தம் திரும்பக் கேட்டது. மாஸ்டர் சைக்கிளை உருட்டிக்கொண்டு ஒழுங்கைக்கு வந்தார். பாரம் இறங்கியிருக்கவேண்டும், இறங்கவில்லை. கேட்காத ஒன்றை மறுத்தால் அதற்கு ஒரு மனிதன் கவலைப்பட நியாயமில்லை என்று தனக்குச் சொல்லிப் பார்த்தார். அந்த நியாயம் மில்லடிச் சந்தி வரைக்கும்கூடத் தாக்குப்பிடிக்கவில்லை.

சுஹறா மறுத்துவிட்டாள் என்ற செய்தி அவருக்கு முன்னமே பெரிய றோட்டுக்கு வந்து சேர்ந்திருந்தது. முபாறக் சொன்ன அதே கடை முதலாளி, “எல்லாம் அல்லாஹ்ட நாட்டம் மாஸ்டர்” என்று தோளைத் தட்டினார். ஹோட்டலில் சோற்றோடு ஒரு துண்டு மீன் கூடுதலாக வைத்தார்கள். வகுப்பில் பிள்ளைகள் சத்தம் போடாமல் இருந்தார்கள். மாஸ்டர் இதையும் மறுக்கவில்லை. இம்முறை மறுப்பதற்கு ஒன்றுமில்லை என்பது அவருக்கே தெரிந்திருந்தது.

நவம்பரில் மழையோடு கொழும்பிலிருந்து இரண்டு கடிதம் வந்தது. முதலாவது, அவருடைய அறிக்கை ஏற்றுக்கொள்ளப்பட்டது என்றும், அந்த நிலையத்தில் கேசரம் பற்றிய பகுதிக்குப் பரீட்சார்த்திகள் அனைவருக்கும் முழுப்புள்ளி வழங்கப்படும் என்றும் சொன்னது. அனைவரும் என்றால் அனைவரும்தான். எட்டு என்று எழுதிய நபீலாவுக்கும் புள்ளி. நாற்பது என்று எழுதியவனுக்கும் புள்ளி. செவ்வரத்தம் பூவை மனப்பாடமாய்க் கீறி வைத்துவிட்டுப் போனவனுக்கும் புள்ளி.

இரண்டாவது கடிதம், பரீட்சைக்கு முதல்நாள் இரவு மாதிரிப் பூவை மேளதாளமில்லாத குறையாகப் பெருந்தெருவில் ஊர்வலமாகக் கொண்டுபோனதாக மூன்று பெட்டிசங்கள் கிடைத்திருப்பதைச் சுட்டிக்காட்டி, இரகசியம் காக்கத் தவறியமைக்காக அவருடைய பெயர் மேற்பார்வையாளர் பட்டியலிலிருந்து நீக்கப்படுகிறது என்றது.

மாஸ்டர் இரண்டாவது கடிதத்தை இரண்டுமுறை வாசித்தார். முதலில் கோபம் வந்தது. பிறகு, பாக்கியராசா பயந்துபோய்ப் பார்க்கும்படியாக, சிரிப்பு வந்தது. இருபது வருடத்தில் ஆய்வுகூடத்துக்குள் அவர் அப்படிச் சிரித்ததில்லை. சிரித்து முடித்ததும் கடிதத்தை மடித்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, மழையென்றும் பாராமல் சைக்கிளை எடுத்தார்.

சுஹறாவின் வீட்டில் அன்று அச்சிமுகம்மதுவும் இருந்தார். மாஸ்டர் நனைந்த உடுப்போடு வாசலிலேயே நின்றார். அச்சிமுகம்மதுவைப் பார்த்துச் சொல்லவில்லை. கதவுநிலையைப் பார்த்துத்தான் சொன்னார்.

“நான் பூவுக்கு வரல்ல. சோதினையுமில்ல, விதியுமில்ல. உங்களத்தான் கேட்டு வந்திருக்கன்.”

அச்சிமுகம்மது வாயைத் திறந்தார். சுஹறா உள்ளேயிருந்து, “காக்கா, நீங்க பேசாம இரிங்க” என்றாள்.

அவள் உடனே பதில் சொல்லவில்லை. ஒரு மாதம் எடுத்துக்கொண்டாள். அந்த ஒரு மாதமும் ஊரில் ஒருவருக்கும் ஒன்றும் தெரியாது. மாஸ்டர் சொல்லவில்லை, சுஹறா சொல்லவில்லை, சொல்லக்கூடிய ஒரே ஆளான அச்சிமுகம்மதுவிடம் தங்கச்சி குர்ஆன்மேல் சத்தியம் வாங்கி வைத்திருந்தாள். பிறகு ஒருநாள், “ஓமெண்டு செல்லுங்க” என்று காக்காவை அனுப்பினாள். வேளாண்மை வெட்டு முடிந்து, மாசியில் ஒரு வெள்ளிக்கிழமை நிக்காஹ் நடந்தது. மாஸ்டர் இரண்டு றங்குப் பெட்டியோடும் நுணுக்குக்காட்டியோடும் ஊர் வழக்கப்படி பெண் வீட்டுக்குக் குடிவந்தார்.

நபீலா அந்த வருடம் பல்கலைக்கழகத்துக்கு எடுபட்டுப் பேராதனைக்குப் போனாள்; தாவரவியலுக்கு இல்லை, விவசாயத்துக்கு. மாஸ்டருக்குப் பதிலாக நியமித்த மேற்பார்வையாளர் அடுத்த ஆகஸ்டில், உறையை முதல்நாள் காலையிலேயே உடைத்து, பூவை மாணவர்களை விட்டே ஆய்வித்துத் தண்ணீரில் வைத்ததாகவும், ஒரு பூவும் வாடவில்லையென்றும், ஒரு பெட்டிசமும் வரவில்லையென்றும் பாக்கியராசா சொன்னார்.

அச்சிமுகம்மது இந்தக் கலியாணத்தைத் தான் ஆகஸ்ட் மாதமே ஒரு பெட்டிப் பூவோடு பேசி முடித்துவிட்டதாகக் கடைசிவரை தேத்தண்ணிக் கடையில் சொல்லிக்கொண்டிருந்தார். ஸைனுலாப்தீன் மாஸ்டர் பக்கத்தில் உட்கார்ந்து தேத்தண்ணியை ஆற்றிக் குடித்துக்கொண்டு, ஓமென்றும் சொல்லமாட்டார், இல்லையென்றும் சொல்லமாட்டார்.